நாளைக்கு மட்டும் வர வேண்டாம்

ஜூன் 18

ஒன்றிய ஆய்வுக் கூட்டத்துக்குப் போன தலைமையாசிரியை ஜெயக்கொடி டீச்சர் மதியம் திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. போன வருட அடைவுத் தேர்வில் எங்கள் கொன்றைப்புதூர் நடுநிலைப் பள்ளிதான் கடைசியாம். அதைத் திரையில் போட்டுக் காட்டி, அத்தனை பள்ளிக்காரர்கள் நடுவில் இவரை எழுந்து நிற்க வைத்திருக்கிறார்கள். அடுத்த மே மாதம் ஓய்வு பெறப் போகிற மனுஷி.

"எட்டாங் கிளாஸ்ல பாதிப் பேருக்குத் தமிழே சரியா வராதுன்னு சொன்னேன் சுகந்தா. காரணம் சொல்லாதீங்க மேடம், உக்காருங்கன்னுட்டாங்க."

சொன்னது பொய்யில்லை. ஊரைச் சுற்றி நூற்பாலைகள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை மஞ்சள் வேனில் ஏற்றிப் பல்லடத்து இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். (என் பெண் தன்ஷிகாவும் அந்த வேனில்தான் போகிறாள். அது வேறு விஷயம்.) எங்களுக்கு வந்து சேர்வது மில் லைன் வீட்டுப் பிள்ளைகள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். அப்பா அம்மா ஷிப்டுக்குப் போக, பிள்ளை பள்ளிக்கூடம் வருகிறது. கேள்வித்தாள் மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

நான் சலித்துக்கொண்டபோது அறிவியல் எடுக்கும் பாக்கியநாதன் சார் சிரித்தார். "குறை சொல்லாதீங்க டீச்சர். நீங்க திங்கறதே ஒடிசா அரிசிங்க."

அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது. ஆனால் கணக்கு சரிதான். ஆறிலிருந்து எட்டு வரை நூறு பிள்ளைகளைத் தாண்டினால்தான் நான்காவது பட்டதாரி ஆசிரியர் பணியிடம். நான்தான் அந்த நான்காவது ஆள். லைன் பிள்ளைகள் இல்லாவிட்டால் நான் உபரி, வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஜூன் 24

இன்றைக்கு லிப்சாவைத் திட்டிவிட்டேன். எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. இன்னும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். கூட்டல், பெருக்கல் எல்லாம் நன்றாகவே செய்வாள். அதையே நாலு வரிக் கதையாகக் கொடுத்தால் போச்சு, பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடைவுத் தேர்வில் வருவது பூராவும் நாலு வரிக் கதைதான்.

காலையில் அவள் வருவதைப் பார்த்தால் வாத்து மேய்ப்பவள் ஞாபகம் வரும். லைன் வீடுகள் பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். டேங்கர் லாரி, கம்பெனி பஸ் எல்லாம் பறக்கிற ரோடு அது. இவள் ஒரு கையைத் தூக்கி நடுரோட்டில் நிற்பாள். அவள் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி ஒன்று, அதன் சட்டையைப் பிடித்தபடி இன்னொன்று என்று ஒரு ரயிலே கடந்து வரும். லாரிக்காரனையே நிறுத்துகிறவளுக்கு வகுப்பில் மட்டும் வாய் திறக்காது.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜூன் 30

தன்ஷிகாவுக்குப் பேன். ராத்திரிச் சமையலை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு இரண்டு மணி நேரம் சீப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மடியில் படுத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "ம்மா, நீ திரும்ப அஞ்செட்டிக்குப் போக மாட்டேல்ல?"

"இல்லடி. எதுக்குக் கேக்கற?"

"சும்மா."

சும்மா இல்லை. கைக்குழந்தையாக இவளை விட்டுவிட்டு அஞ்செட்டி மலையில் வேலை பார்த்தவள் நான். வாரத்தில் ஆறு நாள் போனில்தான் அம்மா. பேச்சு வந்த பிறகு தினம் காலையில் ஒரே கேள்விதான் கேட்பாள், "இன்னிக்கு வருவியா?" என்று. பக்கத்து வீட்டில் என்னைச் 'சனிக்கிழமை அம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். போன வருடம்தான் இங்கே மாறுதல் கிடைத்தது. மறுபடியும் பெட்டி கட்டச் சொன்னால் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். எழுதிக் கொடுக்க மாட்டேன், வீட்டுக் கடன் இருக்கிறது. வாய்தான்.

ஜூலை 3

அடைவுத் தேர்வு பத்தாம் தேதி. எட்டாம் வகுப்புக்கு. காலையும் மாலையும் மாதிரித் தாள் போட்டுத் தேய்க்கிறேன். தொண்டை கட்டிவிட்டது.

மாலையில் தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கறதுதான் சுகந்தா. அன்னிக்கு யாரு வர்றாங்களோ அவங்க மார்க்குதான். வராதவங்க கணக்குல இல்ல. நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க வகுப்பாசிரியை. பாத்துச் செய்யுங்க."

ஒன்றும் சொல்லவில்லையாம். கரும்பலகையில் எழுதித்தான் போடவில்லை.

ஜூலை 5

இந்த முறையும் கடைசி என்றால் அடுத்த கூட்டத்தில் கணக்கு ஆசிரியரையும் சேர்த்து நிற்க வைப்பார்கள் என்கிறார் பாக்கியநாதன் சார். அவருக்கு என்ன, நிற்கப் போகிறவள் நான்தானே. ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

ஜூலை 9

சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை மட்டும் சாயங்காலம் நிறுத்தி, நாளைக்கு மட்டும் வர வேண்டாம், வீட்டில் இருங்கள் என்றேன். மேலே இருப்பவர் சொல்வதைத்தானே நாம் செய்ய முடியும். ஒரு நாள் லீவு. எந்தப் பிள்ளைக்கு லீவு கசக்கும்?

லிப்சா ஏதோ கேட்டாள். பதில் சொன்னேன்.

மாவு ஆட்ட வேண்டும். உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 10

தேர்வு நன்றாக நடந்தது. மேற்பார்வைக்கு வந்தது பி.எட் படிக்கும் சின்னப் பெண். "வருகை கம்மியா இருக்கே மேடம்?" என்றாள்.

"ஒடிசாவுல தேர்த் திருவிழாம்மா. குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாங்க."

இது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

எட்டாம் வகுப்பு மட்டுமல்ல, லைனிலிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றுகூட வரவில்லை. காலை உணவு சமைக்கும் மயிலாத்தாக்கா இடுப்பில் கை வைத்து நின்றது. "ஏனுங் டீச்சர், பொங்கலு பாதி அப்படியே நிக்குது. லைன் வூட்டுப் புள்ளைக ஒண்ணையுங் காணமே?"

"காச்சலா இருக்கும்க்கா."

ஒரே நாளில் தேரும் காய்ச்சலும்.

ஜூலை 11

இன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமைதானே, சனி ஞாயிறோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள்போல.

ஜூலை 14

வரவில்லை.

ஜூலை 15

பாக்கியநாதன் சார் வராந்தாவில் என்னை மறித்தார். "என்னங் டீச்சர், தேரு இன்னும் நெலைக்கு வல்லீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலிப் பெஞ்சுகளைப் பார்த்துப் பாடம் நடத்தினேன். வகுப்பு நிறைந்திருக்கும்போது வரும் சத்தமே இல்லை. சத்தம் போடாதே என்று சொல்வதற்குக்கூட ஆள் இல்லை.

ஜூலை 16

பள்ளி விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு மில் லைனுக்குப் போனேன். அந்த பைபாஸைத் தாண்ட எனக்கே கால் மணி நேரம் ஆனது.

வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் வீடுகள். கடைசி வீட்டு வாசலில் சேலைத் தூளி இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு குழந்தைகள் பாயில். நடுவில் லிப்சா. என்னைப் பார்த்ததும், வகுப்பில் எழுவதைப் போல எழுந்து நின்றாள். இடுப்பில் இருந்த குழந்தை அழ ஆரம்பித்தது.

"ஏண்டி பள்ளிக்கூடம் வரல?"

"நீங்க வேணாம் சொன்னீங்க டீச்சர்."

"ஒரு நாளைக்குத்தானடி சொன்னேன்!"

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஷிப்டுக்குப் போகிற பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை இவளிடம் விட்டுப் போகிறார்கள். மாதச் சம்பளம். பள்ளிக்கூடமே வேண்டாம் என்ற பிறகு வீட்டில் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று அம்மா ஒத்துக்கொண்டுவிட்டாள்.

"மத்த பசங்க? அவங்களை யாரும் வர வேண்டாம்னு சொல்லலையே?"

"ரோடு தாண்ட ஆள் இல்ல டீச்சர்."

இவ்வளவுதான் விஷயம். தினமும் காலையில் கண்ணால் பார்த்தேன். வாத்துக்காரி என்று சிரிக்கத் தெரிந்தது, மற்றது தெரியவில்லை.

ஒன்பதாம் தேதி அவள் கேட்டது "ஏன் டீச்சர்?" என்றுதான். தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் பரீட்சை என்றேன். "எனக்குத் தமிழ் தெரியும் டீச்சர்" என்றாள். அதைத் தமிழில்தான் சொன்னாள். "தெரிஞ்சு கிழிச்ச, போ" என்றேன் நான். அன்றைக்கு இதை எழுதாமல் உளுந்தைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

ஜூலை 18

நேற்றும் இன்றும் காலையில் நானே பைபாஸ் ஓரத்தில் போய் நின்றேன், சின்னப் பிள்ளைகளையாவது கூட்டி வரலாம் என்று. லைன் பெண்கள் கூடிப் பேசிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். லிப்சா வந்தால் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ரோடு தாண்டத் தெரியும் என்று அவர்களுக்கு நம்பிக்கையில்லை.

ஜூலை 25

முடிவு வந்துவிட்டது. ஒன்றியத்தில் இரண்டாவது இடம். போன மாதம் எழுப்பி நிற்க வைத்த அதே மேடையில் தலைமையாசிரியைக்குப் பொன்னாடை. பள்ளியில் மைசூர்பாகு கொடுத்தார்கள். என் பங்கை மயிலாத்தாக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

பொன்னாடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அடுத்த செய்தியைச் சொன்னார் ஜெயக்கொடி டீச்சர். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வருகையை வைத்துத்தான் இந்த வருடப் பணியிடங்கள். தொடர்ந்து வராத பிள்ளைகள் கணக்கில் சேர மாட்டார்கள். நூறுக்குக் கீழே போனால் கடைசியாக வந்தவர் உபரி.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பது இதுதான். மார்க்குக்காகத் தலையைக் குறைத்தேன், இப்போது தலைக்குத்தான் விலை.

"நான் உங்களை அப்படிச் செய்யச் சொல்லலையே சுகந்தா" என்றார். அதுவும் உண்மைதான். அன்றைக்குக் கதவைச் சாத்தியவள் நான்.

ஜூலை 29

லிப்சாவின் அம்மா குந்தலாவை இன்றுதான் பிடிக்க முடிந்தது. ஷிப்டு முடிந்து வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"டீச்சர் வா. உக்காரு."

அவர்கள் தமிழில் எல்லாரும் 'நீ'தான். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது லிப்சாவையும் பசங்களையும் அனுப்புங்க. அன்னிக்குத் தலை எண்ணறாங்க. ஒரே ஒரு நாள்."

குந்தலா தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே பேசினாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அன்னிக்கு ஒரு நாள் வராத சொன்ன. இன்னிக்கு ஒரு நாள் வா சொல்ற. மில்லுலதான் டீச்சர் அப்படி. ஆர்டர் இருந்தா வா, ஆர்டர் இல்லன்னா வராத. ஸ்கூலும் மில்லா?"

நான் கணக்கு டீச்சர், பட்டதாரி, என் வகுப்பில் ஒரு பிள்ளை பேசிவிட முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து என் கைப்பையின் ஜிப்பை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

அவளே இரங்கி வந்தாள். "பாப்பா அம்மாங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழம என் தங்கச்சி ரயில்ல வருது. அது பாப்பா பாக்கும். அப்புறம் லிப்சா இஷ்டம். போறேன் சொன்னா அனுப்பறேன்."

ஞாயிறு மூன்றாம் தேதி. எனக்கு வேண்டியது ஒன்றாம் தேதி.

வண்டியைக் கிளப்பும்போது லிப்சா பின்னாலேயே வந்தாள். "டீச்சர், அந்தப் பரீட்ச பேப்பர் இருக்குமா?"

"எதுக்கு?"

"பாக்க."

ஜூலை 31

தலைமையாசிரியை சொல்கிறார்: "நாளைக்கு எல்லாத்துக்கும் வருகை போட்டுருங்க. திங்கக்கிழமை எப்படியும் வந்துருவாங்கல்ல? யாரு வந்து எண்ணப் போறா?"

வீட்டில் அவரும் அதையேதான் சொன்னார். "ஊர்ல அவனவன் என்னென்னமோ பண்றான். நீ மூணு நாளைக்கு முன்னாடி போடற, அவ்வளவுதான். புள்ளையை நெனச்சுப் பாரு சுகந்தா."

நினைக்காமல் என்ன. தன்ஷிகா நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 1

வராதவர்களை வரவில்லை என்றே போட்டேன்.

பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வருகை போடுகிற ஆப்பைத் திறந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு காலை வழிபாடு முடிந்து முதல் பாடவேளை முழுக்க நின்றிருந்தேன். இருக்கிற பிள்ளைகளை இல்லை என்று அன்றைக்குச் சொல்லியாயிற்று. இல்லாத பிள்ளைகளை இருக்கிறார்கள் என்று இன்றைக்குச் சொல்ல விரல் போகவில்லை. குந்தலா துடைத்துப் போட்ட ஸ்டூல்தான் கண் முன்னால் வந்தது.

"தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே" என்றார் தலைமையாசிரியை. அவர் கண் கலங்கியிருந்தது. கெட்டவர் இல்லை அவர்.

ஆகஸ்ட் 2

சனிக்கிழமை. இனி எனக்கு மில் லைனில் ஒரு காரியமும் இல்லை. ஆனாலும் போனேன்.

தேர்வுத் தாள்களை அன்றைக்கே எண்ணிச் சீல் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். அதே மாதிரியில் நாங்கள் பழகிய மாதிரித் தாள் ஒன்றை எடுத்துப் போனேன். லிப்சா அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்து நிதானமாக எழுதினாள். அந்தக் குழந்தை பேனாவைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். என் புடவையெல்லாம் நனைத்துவிட்டது.

நடுவில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "சராசரின்னா என்ன டீச்சர்?"

"எல்லார் மார்க்கையும் கூட்டி, எத்தனை பேரோ அத்தனையால வகுத்தா வர்றது."

உடனே புரிந்துகொண்டாள். கணக்கு அவளுக்குத் தெரியும், சொல்தான் புதிது. விடையைக் குறித்துவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அன்னிக்கு என்னை விட்டுட்டு வகுத்தீங்களா டீச்சர்?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல? "தப்பு பண்ணிட்டேன் லிப்சா" என்றேன். அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து திருத்தினேன். பெரிய மேதையெல்லாம் இல்லை. வகுப்பில் மற்றவர்கள் வாங்கியதுதான், ஒன்றிரண்டு முன்னே பின்னே. அவளைச் சேர்த்து வகுத்திருந்தாலும் ஒன்றும் குடி முழுகியிருக்காது. அழுகையாக வந்தது. குக்கர் மூன்றாவது விசில் அடித்ததுகூடக் காதில் விழவில்லை, பருப்பு தீய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ச் சாதம், புளிச் சாதம். ரயில் வந்திருக்குமா?

ஆகஸ்ட் 4

வந்துவிட்டார்கள்.

பைபாஸுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு கை மேலே போனது. டேங்கர் லாரி ஒன்று மூச்சிரைக்க நின்றது. துப்பட்டா நுனியிலிருந்து கடைசி வால் வரை மொத்த ரயிலும் தாண்டியது. மயிலாத்தாக்கா கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டது. "வாங்க சாமிகளா, இன்னிக்குக் கிச்சடி!" சின்னதுகள் அதன் பின்னாலேயே ஓடின.

லிப்சா மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"இன்னைக்கு வரலாமா டீச்சர்?"

"என்ன கேள்வி இது? வா" என்றேன்.

ஆகஸ்ட் 13

உபரிப் பட்டியல் வந்தது. என் பெயர் இருக்கிறது. அடுத்த மாதம் கலந்தாய்வு, காலியிடம் பூராவும் மலைப்பக்கம்தான் என்கிறார்கள். பாக்கியநாதன் சார் இன்றைக்கு ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தன்ஷிகாவிடம் என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அவள் அழவில்லை. "பரவால்லம்மா, இப்ப எனக்கே போன் பண்ணத் தெரியும்" என்றாள்.

ஆகஸ்ட் 20

லிப்சா தினமும் கேட்கிறாள். கேட்டில் நின்று, "இன்னைக்கு வரலாமா டீச்சர்?" இது உன் பள்ளிக்கூடம், யாரையும் கேட்க வேண்டாம் என்று உட்கார வைத்துச் சொன்னேன். சரி டீச்சர் என்று தலையாட்டினாள். மறுநாள் காலையில் கேட்டாள்.

அவள் கேட்பதற்கு முன்பே "வா லிப்சா" என்று சொல்லிவிடலாம் என்று கொஞ்ச நாளாகச் சீக்கிரம் போய் நிற்கிறேன்.

இன்று வண்டி பஞ்சர். தூறல் வேறு. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். உள்ளே காலை வழிபாடு நடந்துகொண்டிருந்தது, லைன் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்றிருந்தார்கள். கேட் விரியத் திறந்துதான் கிடந்தது. அவள் மட்டும் பையைத் தலைமேல் பிடித்தபடி வெளியே நனைந்துகொண்டு நின்றாள், நான் வருகிறேனா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு.